தீர்ப்பு தவறானால் நீதிபதியைத் தண்டிக்கலாமா?

வந்த கேள்வி இது: குற்ற வழக்கை விசாரிக்கும் நீதிபதியின் வேலை உண்மையில் என்ன, அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், குற்றம் செய்யாதவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் அவரை யாருமே கேட்க முடியாதா?

கேட்டவரின் கோபம் மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு தவறாகிவிட்டது என்பதற்காக மட்டும் நீதிபதியைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் தவறாக நடந்துகொண்டால் கட்டாயம் தண்டிக்க வேண்டும். எந்த முடிவை எடுத்தாலும், ஏன் எடுத்தார் என்று எழுத்தில் சொல்ல வைக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியானதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நடைமுறையில் அதிகம் கோட்டைவிடப்படுவதும் அதுதான்.

நீதிபதி என்றதும் எல்லோருக்கும் இறுதித் தீர்ப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டிப் போடும் உத்தரவு பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. கைதானவரை நீதிபதி முன் சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது 1966-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டம் அதற்கு 24 மணி நேரம் கெடு வைக்கிறது. அங்கே நீதிபதி செய்ய வேண்டிய வேலை பெரியது. கைது சட்டப்படி நடந்ததா, கைதானவரை அடித்திருக்கிறார்களா, அவருக்கு வக்கீல் இருக்கிறாரா, இவரை உள்ளே வைத்துத்தான் விசாரிக்க வேண்டுமா, ஜாமீனில் விட்டால் ஓடிவிடுவார் என்றோ சாட்சியைக் கலைப்பார் என்றோ நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டும். கேட்டால் நேரம் ஆகும். பட்டியலில் இன்னும் நாற்பது வழக்குகள் காத்திருக்கும்போது இந்தக் கேள்விகள்தான் முதலில் காணாமல் போகின்றன. உத்தரவும் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இதன் விளைவு இறுதித் தீர்ப்பு வரை நீளும். மாதக்கணக்கில் உள்ளே இருப்பவர் வேலையை இழக்கிறார், வக்கீலோடு உட்கார்ந்து வழக்கைத் தயார் செய்ய முடிவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே போகலாம் என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 சதவீதமும் இப்படி ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்த வழக்குகளில் முழு விசாரணை நடப்பதில்லை. மனமறிந்துதான் ஒப்புக்கொள்கிறாரா, யாரும் மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்கும் சில கேள்விகள்தான் அங்கே மிஞ்சும் பாதுகாப்பு.

முழு விசாரணைக்கு வரும் வழக்குகளில் நீதிபதியின் இடம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தின் வழியில் வந்த நாடுகளில் அரசுத் தரப்பும் எதிர்த் தரப்பும் சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். நீதிபதி இரு பக்கமும் சாயாமல் நடுவில் இருப்பார். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் தலைமை நீதிபதியே வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்து சாட்சிகளைக் கேட்பார். ஆனால் இந்தப் பிரிவு நூல் பிடித்தது போல இருப்பதில்லை. இங்கிலாந்து வழியில் வந்த இந்தியாவின் சாட்சியச் சட்டமே, எந்த நேரத்திலும் யாரிடமும் எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்று நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. உண்மையைத் தேடுவதற்காகத் தந்த அதிகாரம் அது. அரசுத் தரப்பு விட்ட ஓட்டையை அடைக்க நீதிபதியே அதைப் பயன்படுத்தினால், எதிரே நிற்பவருக்கு இரண்டு அரசு வக்கீல்களைச் சமாளிக்கும் நிலை வந்துவிடும்.

குற்றம் நடந்ததா என்பதை முடிவு செய்வதும் எல்லா இடத்திலும் நீதிபதி மட்டும் அல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய வழக்குகளில் ஜூரி எனப்படும் பொதுமக்கள் குழு முடிவு செய்யும். நீதிபதி சட்டத்தை விளக்கி, தண்டனையை மட்டும் விதிப்பார். ஜெர்மனியில் ஐந்தாண்டுக்குத் தேர்வான பொதுமக்கள் நீதிபதியுடன் சேர்ந்து உட்கார்ந்து வாக்களிக்கிறார்கள். ஜப்பானில் 2009 முதல் கடுமையான வழக்குகளில் 3 நீதிபதிகளும் 6 பொதுமக்களும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ஜூரியின் முடிவுக்குப் பெரும்பாலும் காரணம் எழுதப்படுவதில்லை. பிரான்சிலும் கொடுங்குற்ற நீதிமன்றங்களில் அப்படித்தான் இருந்தது. 2011-இல் வந்த சட்டம், தண்டித்தால் ஏன் என்று எழுதியே ஆக வேண்டும் என்று அதை மாற்றியது. தண்டிக்கப்பட்டவருக்கு எதை வைத்துத் தன்னைத் தண்டித்தார்கள் என்றே தெரியாவிட்டால், மேல்முறையீட்டில் அவர் எதை எதிர்த்து வாதாடுவார்?

சரி, இந்த அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

ஒரு வழி, இளம் வயதிலேயே தேர்வு வைத்து எடுத்துப் பயிற்சி கொடுப்பது. பிரான்சில் போர்தோ நகரில் இதற்கென்றே தேசியப் பள்ளி இருக்கிறது. நீதிபதிகளும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். இந்தியாவில் கீழ்நிலை நீதிபதிகள் தேர்வு எழுதி வருகிறார்கள். சட்டம் படித்து முடித்த கையோடு எழுதலாம் என்று இருந்ததை மாற்றி, குறைந்தது 3 ஆண்டு வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. இன்னொரு வழி, அனுபவமுள்ள வக்கீல்களிலிருந்து நியமிப்பது. இங்கிலாந்தில் இது அமைச்சர் ஒருவரின் கையில் இருந்தது. 2006 முதல் தனி ஆணையம் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கிறது. தென்னாப்பிரிக்காவில் உயர்நிலை நீதிபதிகளுக்கான நேர்காணலைப் பொதுமக்களே பார்க்கலாம். இந்திய உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மூத்த நீதிபதிகளின் கொலீஜியமே பெயர்களைத் தருகிறது. அதற்கு மாற்றாக வந்த தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கிலாந்தில் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பகுதியை முடித்துவைப்பவர்களோ சம்பளம் வாங்காத சாதாரண மக்கள். சட்டப் படிப்பு தேவையில்லை. பயிற்சி உண்டு, பக்கத்தில் சட்டம் தெரிந்த ஆலோசகர் இருப்பார்.

மூன்றாவது வழி தேர்தல். மக்களே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்கவில்லை என்றால் மாற்றட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை இது ஆபத்து என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் நீதிபதிகள் வாக்காளரைச் சந்திக்கிறார்கள். பென்சில்வேனியா மாநில விசாரணை நீதிபதிகள் விதித்த தண்டனைகளை ஹூபர், கோர்டன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். தேர்தல் நெருங்க நெருங்கத் தண்டனைக் காலம் கூடியது என்பது அவர்கள் கண்டது. குற்றம் அதே, சட்டம் அதே, நாள்காட்டி மட்டும் வேறு. குறைவாகத் தண்டித்தால் எதிர்ப் பிரசாரத்தில் பெயர் அடிபடும். கூடுதலாகத் தண்டித்தால் யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் சிறையில் இருப்பவருக்காக வாக்குக் கேட்டு யாரும் வருவதில்லை.

கலிஃபோர்னியாவில் ஏரன் பெர்ஸ்கி என்ற நீதிபதி, பாலியல் தாக்குதல் வழக்கில் குற்றவாளிக்கு 2016-இல் ஆறு மாதச் சிறை மட்டும் விதித்தார். அந்தத் தண்டனை மிகக் குறைவு என்றுதான் நானும் நினைக்கிறேன். நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் மாநில ஆணையம் அவர் மேல் நடத்தைத் தவறு இல்லை என்றது. ஆனாலும் 2018 ஜூனில் வாக்காளர்கள் வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக மக்கள் கொதித்தது சரி. ஆனால் மற்ற நீதிபதிகள் இதிலிருந்து படித்துக்கொள்வது என்ன? கருணை காட்டினால் வேலை போகும் என்பதுதான். அந்தப் பயம் வசதியான குற்றவாளியை விட, நல்ல வக்கீல் வைக்க முடியாத ஏழை மேல்தான் அதிகம் விழும்.

மெக்சிகோ இதையெல்லாம் பார்த்த பிறகும் 2024-இல் அரசமைப்பைத் திருத்தி, 2025 ஜூன் 1 அன்று நீதிபதிகளுக்குத் தேர்தல் நடத்தியது. வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 13 சதவீதம் பேர். சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சி நீதிபதிகளை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானவர்கள் தங்கள் கட்சிக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதைவிடத் தகுதியுள்ளவர்களில் குலுக்கல் போட்டு எடுக்கலாம் என்ற யோசனையை 2021 நவம்பரில் அந்நாட்டு மக்கள் நிராகரித்தார்கள். தகுதியைச் சோதித்துவிட்டுக் குலுக்கல் போடுவதை அவர்கள் கொஞ்சம் முயன்று பார்த்திருக்கலாம்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி.

தவறு என்று நாம் சொல்வதில் மூன்று வகை கலந்து கிடக்கிறது. சாட்சியை நம்பியதில் பிசகு, சட்டத்தைப் புரிந்துகொண்டதில் பிசகு என்றால் அதற்கு மருந்து மேல்முறையீடு. கத்துவது, இழிவாகப் பேசுவது, மாதக்கணக்கில் தீர்ப்பை எழுதாமல் வைத்திருப்பது, உறவினர் வழக்கைத் தானே கேட்பது என்றால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. லஞ்சம் வாங்கித் தீர்ப்பு எழுதினால் அது குற்றம். அவரும் கூண்டில் ஏற வேண்டும்.

முதல் வகைக்காக நீதிபதியைத் தண்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1670-இல் லண்டனில் வில்லியம் பென் மீதான வழக்கில் ஜூரி அவரைத் தண்டிக்க மறுத்தது. ஆத்திரப்பட்ட நீதிமன்றம் ஜூரிகளுக்கே அபராதம் போட்டது. கட்ட மறுத்தவர்களைச் சிறையில் அடைத்தது. புஷல் என்ற ஜூரி உறுப்பினர் அதை எதிர்த்துப் போராடியதால், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்ற விதி நிலைபெற்றது. நீதிபதிக்கும் அதே நியாயம் பொருந்தும். விடுதலை செய்தால் தனக்கு ஆபத்து, தண்டித்தால் ஆபத்தில்லை என்று தெரிந்த நீதிபதி யாரையும் விடுதலை செய்ய மாட்டார். போலந்தில் 2017-க்குப் பிறகு நீதிபதிகளை விசாரிக்க ஒழுங்கு அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். தீர்ப்பின் உள்ளடக்கத்துக்காகவே நீதிபதி மேல் நடவடிக்கை எடுக்க அதில் வழி இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021-இல் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, பிறகு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முடிவை முன்பே எடுத்துவிட்டு, கொல்வதற்கான கருவியாக நீதிமன்றத்தைப் பயன்படுத்தினால், அந்தத் தீர்ப்பே குற்றம். 1947-இல் நியூரம்பர்க்கில் அமெரிக்க ராணுவத் தீர்ப்பாயம் நாஜி ஆட்சியின் நீதிபதிகளையும் நீதித்துறை அதிகாரிகளையும் விசாரித்தது. லியோ காட்சன்பெர்கர் என்ற யூதருக்கு 1942-இல் பொய்யான காரணம் காட்டி மரண தண்டனை விதித்த ரோட்டாவுக் என்ற நீதிபதி அதில் ஆயுள் தண்டனை பெற்றார். ஜெர்மனியின் குற்றச் சட்டத்தில், தெரிந்தே சட்டத்தை வளைக்கும் நீதிபதிக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை என்று இன்றும் தனிப் பிரிவு இருக்கிறது. அறியாமல் செய்த பிழை அதில் வராது.

லஞ்ச வகைக்கு, நெஞ்சைப் பதற வைக்கும் உதாரணம் பென்சில்வேனியாவின் லுசெர்ன் மாவட்டம். அங்கே இரண்டு நீதிபதிகள், தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடம் 20 லட்சம் டாலருக்கு மேல் பணம் வாங்கினார்கள். சின்னச் சின்னத் தவறுகளுக்கும் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போனார்கள். பலருக்கு வக்கீலே இல்லை. விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. ஒரு நீதிபதிக்கு 28 ஆண்டு, இன்னொருவருக்குப் பதினேழரை ஆண்டு சிறை. இருவருமே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். 2006-இலேயே ஒழுங்கு வாரியத்துக்குப் புகார் போயிருந்தது. வாரியம் அதை விசாரிக்காமல் கிடப்பில் போட்டது. சிறார் வழக்குகள் மூடிய அறைக்குள் நடந்ததால் வெளியில் யாரும் பார்க்கவும் இல்லை.

இரண்டாவது வகையான நடத்தைத் தவறுதான் எல்லா நாடுகளிலும் அரைகுறையாகக் கையாளப்படுகிறது. உயர்நிலை நீதிபதியைப் பதவி நீக்குவது வேண்டுமென்றே கடினமாக வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 1701-இன் சட்டப்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்டால்தான் முடியும். அந்த வழியில் நீங்கியவர், நீதிமன்றப் பணத்தைக் கையாடியதற்காக 1830-இல் நீக்கப்பட்ட அயர்லாந்து நீதிபதி ஜோனா பாரிங்டன் ஒருவர்தான். இந்தியாவில் வி. ராமசாமி மீதான தீர்மானம் 1993-இல் மக்களவையில் தோற்றது. 2011-இல் சௌமித்ர சென் மீதான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியதும் அவர் ராஜினாமா செய்தார். தென்னாப்பிரிக்காவில் மொட்டாட்டா என்ற நீதிபதி 2007-இல் குடித்துவிட்டுக் காரைச் சுவரில் மோதினார்; நாடாளுமன்றம் அவரை நீக்க வாக்களித்தது 2024-இல். பதினேழு ஆண்டு! நீக்குவது கடினமாக இருக்கலாம், முடிவு சொல்வது இவ்வளவு தாமதமாகக் கூடாது. நீக்கம் ஒன்றே வழி என்று வைத்தால் சின்னத் தவறுகளுக்கு எதுவுமே நடக்காது. எச்சரிக்கை, கண்டனம், வழக்குகளைப் பறிப்பது என்று படிப்படியாக வேண்டும். விசாரிப்பவர்களில் நீதிபதி அல்லாதவர்களும் இருக்க வேண்டும். முடிவு வெளியே தெரிய வேண்டும்.

தனக்குத் தொடர்புள்ள வழக்கிலிருந்து நீதிபதி விலகிக்கொள்ளும் விஷயத்தில் நீதித்துறை தன்னைத்தானே கண்டிப்பாக நடத்திக்கொண்ட உதாரணமும் உண்டு. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷேவை வேறு நாட்டிடம் ஒப்படைக்கலாமா என்ற வழக்கில், பிரிட்டனின் உச்சகட்ட நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1998-இல் தான் கொடுத்த தீர்ப்பையே ரத்து செய்தது. அமர்வில் இருந்த ஹாஃப்மன், வழக்கில் வாதாடிய ஆம்னெஸ்டி அமைப்போடு தொடர்புள்ள அறக்கட்டளை ஒன்றின் இயக்குநர். அவர் பாரபட்சமாக நடந்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தொடர்பைச் சொல்லாமல் உட்கார்ந்ததே போதுமான காரணம் ஆயிற்று.

கடைசியாக, யார் மேல் பழி விழுகிறது என்பது பற்றி. பிரான்சின் உத்ரோ வழக்கில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் சாட்டி 17 பேரை 2004-இல் விசாரித்தார்கள். மேல்முறையீடும் முடிந்தபோது 13 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். சிலர் ஏறக்குறைய மூன்றாண்டு காவலில் இருந்திருந்தார்கள். இன்னொருவர் விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துபோனார். 2006-இல் நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கோபம் முழுவதும் வழக்கைப் புலனாய்வு செய்த இளம் நீதிபதி மேல் திரும்பியது. 2009-இல் அவருக்குக் கிடைத்தது ஒரு கண்டனம். ஆனால் காவலை நீட்டித்தது அவர் ஒருவரின் முடிவு அல்ல. காவலை முடிவு செய்யத் தனி நீதிபதி இருந்தார், அதற்கு மேல் முறையீட்டு அமர்வு இருந்தது. ஒவ்வொருவரும் முந்தையவர் பார்த்திருப்பார் என்று நம்பினால், எத்தனை அடுக்கு வைத்தாலும் பயனில்லை. ஒவ்வொரு உத்தரவிலும் அந்த ஆளைப் பற்றி, அந்த நாளில், புதிதாகக் காரணம் எழுதச் சொல்லியிருந்தால் அந்த நம்பிக்கை எங்காவது இடறியிருக்கும். காவல் உத்தரவுகளும் ஜாமீன் மறுப்புகளும் தீர்ப்புகளைப் போலவே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியாக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ இப்படி ஒரு நிலை வந்திருந்தால், முதலில் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதில் காரணம் இருக்கிறதா, நீங்கள் வைத்த வாதத்துக்குப் பதில் இருக்கிறதா என்று வக்கீலோடு சேர்ந்து பாருங்கள். காரணம் இல்லாத உத்தரவு என்பதே மேல் நீதிமன்றத்தில் வலுவான வாதம். மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிட்டு நீதிபதி மேல் புகார் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். புகார் என்றால் தீர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். எழுதினால் அதையே காரணம் காட்டித் தள்ளுபடி செய்வார்கள். எந்தத் தேதி, என்ன சொன்னார், யார் யார் இருந்தார்கள் என்பது மட்டும் போதும். மேல்முறையீடு எல்லாம் தோற்ற பிறகு புது ஆதாரம் கிடைத்தால், இங்கிலாந்தில் 1997 முதல் இயங்கும் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையம் போன்ற அமைப்பு உங்கள் நாட்டில் உண்டா என்று கேளுங்கள். தண்டனை தவறு என்று உறுதியானால் இழப்பீடு தர வேண்டியது அரசு. அந்த 1966 உடன்படிக்கையின் 14-வது பிரிவு அதைச் சொல்கிறது, அதை ஏற்று உறுதிசெய்த நாடுகள் தங்கள் சட்டத்திலும் அதற்கு வழி செய்திருக்க வேண்டும்.